வினைக்குப் பின்னால் வரும் குட்டிச் சொல்

எஸ்தோனியாவின் ரஷ்ய எல்லையில் இருக்கிற எங்கள் நார்வாவில் எஸ்தோனிய மொழிப் பரீட்சையில் தோற்பது ஒன்றும் பெரிய செய்தி இல்லை. நான் தோற்றிருக்கிறேன். சமையல்கார இரைதா தோற்றிருக்கிறாள். பாட்டு டீச்சர் பரீட்சை அறையிலேயே அழுதுகொண்டு தோற்றாள். ஆனால் ஜன்னா தோற்றாள் என்று தெரிந்தபோது எங்கள் மழலையர் பள்ளியே வாயடைத்துப் போனது. ஒரு கூடம் நிறையக் கத்துகிற பிள்ளைகளைக் குரலை உயர்த்தாமல் உட்கார வைக்கிற பெண்பிள்ளை அவள். அவளுக்கே இந்தக் கதி என்றால் நாங்களெல்லாம் எந்த மூலைக்கு?

நாங்கள் இந்த நாட்டில் பிறந்தவர்கள்தான். கடையில் ரஷ்ய மொழி, பேருந்தில் ரஷ்ய மொழி, பல் பிடுங்குகிறவரிடம் ரஷ்ய மொழி. எஸ்தோனியம் என்பது வானொலியில் வானிலை சொல்கிறவர் பேசுவது. அப்படியே காலத்தை ஓட்டிவிட்டோம். இப்போது சட்டம் வந்துவிட்டது, பிள்ளைகளுக்கு எஸ்தோனியத்தில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று. நியாயம்தான். நியாயம் என்று ஒப்புக்கொள்வதால் நாக்கு வளைந்துவிடுமா?

ஜன்னாவைக் கவிழ்த்தது கூட்டு வினைகள். வேற்றுமை உருபுகளை எல்லாம் அவள் தலைகீழாகச் சொல்வாள். ஆனால் இந்த எஸ்தோனியர்கள் வினையைப் பாதி சொல்லிவிட்டு, அதோடு சேர வேண்டிய குட்டிச் சொல்லைக் கையிலேயே வைத்துக்கொள்வார்கள். நடுவில் யார், எங்கே, எதற்கு என்று எல்லாம் பேசி முடித்து, வாக்கியத்தின் கடைசியில் அதைக் கொண்டுவந்து வைப்பார்கள். அது வருகிற வரைக்கும் எதிராளி எடுக்கச் சொல்கிறாரா, வைக்கச் சொல்கிறாரா, விட்டுத் தொலைக்கச் சொல்கிறாரா என்று தெரியாது. எங்கள் மொழியில் அந்தக் குட்டிச் சொல் வினையின் தலையிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கடைசிவரை காத்திருக்கும் பொறுமையை எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

அவளை வேலையிலிருந்து அனுப்ப எங்கள் தலைமையாசிரியைக்கு மனசில்லை. "வில்யாந்தியில எனக்குத் தெரிஞ்ச ஒரு ஸ்கூல் இருக்கு. ரெண்டு வாரம் அங்க போய் எஸ்தோனியப் பிள்ளைங்களோட இரு. இவளால முடியும்னு அவங்க ஒரு வார்த்தை சொன்னா, அடுத்த பரீட்சை வரைக்கும் உன்ன வச்சுக்கறேன். சொல்லலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது ஜன்னா" என்றாள். ஆக, அந்த ஒரு வார்த்தைக்காக பிப்ரவரிப் பனியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் போனாள். அங்கே நடந்ததை எங்கள் பள்ளிச் சமையலறையில் வைத்து அவள் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தை ஒருமுறையும் பார்க்கவில்லை.

வில்யாந்திப் பள்ளியின் தலைமையாசிரியை ரேத். அறுபதை நெருங்கியவர், நரைத்த முடியை ஆண்பிள்ளை போல வெட்டியிருந்தார். முதல் நாளே சொன்னார்: "இங்க நீங்க ரஷ்யன்ல ஒரு வார்த்தை பேசக் கூடாது. உங்க நல்லதுக்குத்தான். தப்பாப் பேசுங்க, பரவாயில்ல. ஆனா எஸ்தோனியத்துல பேசுங்க." ஜன்னா தலையாட்டினாள். முதல் பாதி அவள் மனதில் ஆணி அடித்தது போல் பதிந்தது. தப்பாகப் பேசலாம் என்ற இரண்டாம் பாதி காதிலேயே ஏறவில்லை.

அவளை 'முள்ளெலிகள்' என்று பெயர் வைத்த வகுப்பில் விட்டார்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள். வகுப்பு டீச்சர் கூல்லிக்கி, முப்பது வயதுக்காரி, சிரிக்காமலேயே கிண்டல் பண்ணுகிறவள்.

கூட்டு வினைகள் எங்கே குடியிருக்கின்றன என்று கேட்டால் நான் சொல்வேன், மழலையர் பள்ளியின் உடுப்பு அறையில். பனியோ மழையோ எஸ்தோனியப் பிள்ளைகள் வெளியே போயாக வேண்டும். போவதற்கு முன் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு 'பனே' உண்டு. பனே என்றால் போடு, வை. ஆனால் வெறும் பனே போதாது. கோட்டென்றால் முதுகில் போடு. பூட்ஸென்றால் காலில் போடு. குல்லாவென்றால் தலையில் போடு. கையுறைக்குக் கை. ஜிப்புக்கு வேறு. எல்லாவற்றுக்கும் கடைசியில் அதனதன் குட்டிச் சொல் வந்து நிற்க வேண்டும்.

முதல் நாள் காலை ஜன்னா தன் பழைய தைரியத்தோடு நடுவில் நின்று, கையைத் தட்டி, ஊரிலிருந்து மனப்பாடம் செய்து வந்த வாக்கியத்தைச் சொன்னாள். வினை சரி. குல்லா சரி. கடைசிச் சொல்லில் தலைக்குப் பதில் கால் வந்து விழுந்தது.

உக்கு என்ற தடிப்பயல், டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, குல்லாவை எடுத்து வலது காலில் மாட்டினான். அடுத்தவள் மாட்டினாள். பிறகு முள்ளெலிகள் அத்தனை பேரும் காலில் குல்லாவோடு தரையில் உருண்டு சிரித்தார்கள்.

"டீச்சர், இன்னொரு குல்லா வேணும்! எனக்கு ரெண்டு காலு!" என்று லீஸ்பெத் கத்தினாள்.

கூல்லிக்கி கதவில் சாய்ந்து நின்றாள். "புது ஃபேஷனா? நார்வாவுல இப்படித்தான் போடுவாங்களா?"

அவள் குத்துவதற்காகச் சொல்லவில்லை, ஜன்னாவுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்ய? காது மடல் வரை சூடேறியது. மூன்று வயதுப் பிள்ளை சிரிக்கிறது, இருபத்தைந்து வருஷம் பிள்ளை வளர்த்த டீச்சர் நிற்கிறாள். நான் அங்கே இருந்திருந்தால் கூடச் சேர்ந்து சிரித்து, என் குல்லாவையும் காலில் மாட்டியிருப்பேன். ஜன்னா அப்படிப்பட்டவள் இல்லை. அவளுக்குச் சரியாகச் செய்துதான் பழக்கம்.

மறுநாளிலிருந்து அவள் வாயை மூடிக்கொண்டாள். கை பேசியது. பூட்ஸைக் காட்டுவாள், காலைத் தட்டுவாள், பிள்ளை மாட்டிக்கொள்ளும். ஜிப்பை இழுத்துவிடுவாள், கன்னத்தைத் தடவுவாள். தேவைப்பட்டால் 'ஆமாம்', 'இல்லை', 'அழகு', 'போதும்'. கூட்டு வினை வேண்டிய இடங்களை எல்லாம், தெருவில் கடன்காரனைக் கண்டவன் சந்து மாறிப் போவது போலச் சுற்றிப் போனாள்.

வேடிக்கை என்னவென்றால், வேறு எந்த ஊராக இருந்தாலும் இவள் ஊமையா என்று கேட்டிருப்பார்கள். எஸ்தோனியர்களுக்கோ இவளைப் பிடித்துப்போயிற்று.

"எங்க சொந்தக்காரங்கள விடக் கம்மியாப் பேசறீங்க" என்றாள் கூல்லிக்கி, ரவைக் கஞ்சியில் ஜாம் ஊற்றிக்கொண்டே. "ரேத் கூடச் சொன்னாங்க, வந்ததுலயே அமைதியான ஆளுன்னு. நார்வாவுலேருந்து வர்றவங்க வழக்கமா வண்டி வண்டியாப் பேசுவாங்க."

ஜன்னா சிரித்துவைத்தாள். அந்தப் பாராட்டு, திருட்டுப் பொருளுக்கு விலை நல்லா இருக்கு என்று சொன்னது போல இருந்தது என்றாள் என்னிடம்.

சாயங்காலம் புருஷன் ஜெனா போன் பண்ணினான். "என்ன, எஸ்தோனியக்காரி ஆயிட்டியா?"

"ஆயிட்டேன். பேசறதே இல்ல."

"வீட்டுக்கு வந்தும் அப்படியே இரு தாயே, புண்ணியமாப் போகும்" என்று சிரித்தான். அவள் போனை வைத்துவிட்டாள்.

இந்த லட்சணத்தில் இருக்கும்போதுதான் ஸ்லாத்தா வந்து சேர்ந்தாள். நான்கு வயது. உக்ரைனின் மாரியுபோலிலிருந்து போருக்குத் தப்பி, எங்கெங்கோ தங்கி, அம்மாவோடு வில்யாந்திக்கு வந்தவள். வீட்டில் பேசுவது ரஷ்ய மொழி. எஸ்தோனியத்தில் ஒரு சொல் தெரியாது. உடுப்பு அறையில் ஒரு கால் பூட்ஸோடு நின்று, ஜன்னாவைப் பார்த்து ரஷ்ய மொழியில் கேட்டாள்: "அத்தை, இது எந்தக் காலுக்கு?"

நம்முடைய பேச்சு. நம்முடைய 'அத்தை'. ஜன்னாவின் வாயில் பதில் நுனிவரை வந்துவிட்டது. கூல்லிக்கி பக்கத்தில் நிற்கிறாள். ஜன்னா குனிந்து பூட்ஸைச் சரியான காலில் மாட்டிவிட்டாள். குழந்தை அவள் முகத்தையே பார்த்தது.

மதியம் பிள்ளைகளைத் தூங்கவைக்கும் வேலை ஜன்னாவுக்கு. திரை இழுத்த அறையில் முள்ளெலிகள் வரிசையாகக் கட்டிலில் கிடந்தார்கள். ஸ்லாத்தா சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். சத்தம் போட்டு அழுகிற பிள்ளையை ஜன்னா எத்தனையோ பார்த்திருக்கிறாள், சத்தம் போடக் கூடாது என்று பழகிய பிள்ளையைப் பார்த்ததில்லை. அவள் கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை. குனிந்து, ரஷ்ய மொழியில், மூச்சுக்காற்றில் சொன்னாள்:

"அம்மா வருவா கண்ணு. தூங்கி எந்திரிச்சு, பழக் கிசேல் குடிச்சு, வெளிய விளையாடிட்டு வந்தா அம்மா நிப்பா."

குழந்தை அவள் கைச்சட்டையைப் பிடித்துக்கொண்டது. "நீங்க நம்ம மாதிரி பேசறீங்க."

"உஷ். இது நமக்குள்ள ஒரு விளையாட்டு. எல்லாரும் தூங்கறப்ப மட்டும்."

"ஏன் அத்தை?"

ஜன்னா முதுகைத் தட்டிக்கொடுத்தாள். குழந்தை தூங்கிப்போனது.

அப்படியே வழக்கமாகிவிட்டது. மதியம் அத்தை, மற்ற நேரம் ஊமை டீச்சர். தாழ்வாரத்தில் ஸ்லாத்தா மறந்துபோய் ரஷ்ய மொழியில் கூப்பிட்டால் ஜன்னா உதட்டில் விரலை வைப்பாள். ஒவ்வொரு தடவையும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது என்றாள். இருந்தும் செய்தாள். அந்த ஒரு நல்ல வார்த்தை வேண்டுமே!

இரண்டாவது வாரத்தில் வஸ்த்லா நாள் என்ற குளிர்காலத் திருநாள் வந்தது. அன்று பெரியவர் சிறியவர் எல்லோரும் மேட்டிலிருந்து சறுக்க வேண்டும். எவ்வளவு தூரம் சறுக்குகிறோமோ அவ்வளவு உயரம் ஆளிச்செடி வளரும் என்பது கணக்கு. வில்யாந்தியில் இன்று யார் ஆளி பயிரிடுகிறார்கள் என்று கேட்காதீர்கள். ஏரிக்குப் போகிற சரிவில் பெற்றோர்களும் வந்திருந்தார்கள். "நீள ஆளி!" என்று கத்திக்கொண்டு அப்பாக்கள் சறுக்குப் பலகைகளில் பாய்ந்தார்கள். கூல்லிக்கி மேட்டு உச்சியில் நின்று பிள்ளைகளைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். கீழே ரேத் பெரிய பானையிலிருந்து பட்டாணி சூப் ஊற்றினார். ஜன்னா கிண்ணங்களை எடுத்துக் கொடுத்தாள்.

அப்போது மெல்லிய கோட்டு போட்ட ஓர் இளம்பெண் ஸ்லாத்தாவைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக ஜன்னாவிடம் வந்தாள். அவள் அம்மா, வீத்தா.

"நீங்கதானே ஜன்னா?" என்றாள் ரஷ்ய மொழியில், கெஞ்சுகிற சிரிப்போடு. "வீட்ல எந்நேரமும் உங்க பேருதாங்க. நீங்க நம்ம பாஷை பேசுவீங்கன்னு சொன்னா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வீட்ல இவ தூங்கவே மாட்டேங்கறா. லைட்ட அணைச்சா நடுங்கறா. இங்க நல்லாத் தூங்கறான்னு சொல்றாங்க. நீங்க எப்படித் தூங்க வைக்கறீங்க? அத எனக்குச் சொல்லிக் குடுங்களேன்."

ரேத்தின் கரண்டி பானைக்கு மேலே நின்றது.

ஜன்னாவுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கரண்டிதான். இப்போது ரஷ்ய மொழியில் வாயைத் திறந்தால் இத்தனை நாள் ஒளித்தது எல்லாம் வெளியே வந்துவிடும், நல்ல வார்த்தை போய்விடும், வேலை போய்விடும். அவள் வீத்தாவின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்:

"மா எய் ஸா அரு."

'எனக்குப் புரியவில்லை' என்று அர்த்தம். அதுவும் கூட்டு வினைதான். வினை அதன் இடத்தில், குட்டிச் சொல் கடைசியில், உச்சரிப்பில் குறையில்லை. வருஷக்கணக்காக வகுப்புக்குப் போய் ஒருநாளும் இவ்வளவு சுத்தமாக வரவில்லை. வந்தது இதற்கு.

வீத்தாவின் முகம் சிவந்தது. "மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க. சின்னப்பிள்ள ஏதோ சொல்லிச்சு…"

"அம்மா, அத்தைக்குப் புரியும்" என்றாள் ஸ்லாத்தா. "எல்லாரும் தூங்கறப்ப புரியும்."

"சும்மா இரு, பொய் சொல்லாத" என்று அம்மா அவள் கையை வெடுக்கென்று இழுத்தாள்.

ரேத் கரண்டியை வைத்தார். கையை ஏப்ரனில் துடைத்தார். பிறகு ரஷ்ய மொழியில் பேசினார். சோவியத் காலத்துப் பள்ளிக்கூடத்தில் கட்டாயத்துக்குப் படித்து, எத்தனையோ வருஷமாகத் துருப்பிடித்துப் போன ரஷ்ய மொழி. ஆண்பால் பெண்பால் எல்லாம் இடம் மாறிக் கிடந்தது.

"நான் ரஷ்யன் கொஞ்சம். தப்பு நிறைய வரும், நீங்க சிரிக்கலாம். உங்க பொண்ணு இங்க தூங்கறான். நல்லாத் தூங்கறான். எப்படின்னு எனக்குத் தெரியாது. தூங்க வைக்கிறது ஜன்னா. நான் அவங்ககிட்ட கேட்டு உங்களுக்குச் சொல்றது."

சொல்லிவிட்டு ஜன்னா பக்கம் திரும்பி, எஸ்தோனியத்தில், மெதுவாகக் கேட்டார்: "எப்படித் தூங்க வைக்கறீங்க ஜன்னா?"

அப்போதாவது உடைத்துவிட்டிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று நான் அவளைக் கேட்டேன். "ஒரு தடவ தெரியாதுன்னு சொன்னதுக்கப்புறம் தெரியும்னு சொல்றது எப்படிடீ?" என்றாள். ஆகவே அவள் எஸ்தோனியத்தில் தட்டுத்தடுமாறி, முதுகு என்றாள், தட்டுவது என்றாள், மெதுவாக என்றாள். ரேத் அதைத் தன் ஓட்டை ரஷ்ய மொழியில் வீத்தாவுக்குச் சொன்னார். ஒரே மொழியில் பிறந்த இரண்டு பெண்களுக்கு நடுவே ஓர் எஸ்தோனியக்காரி மொழிபெயர்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தப்பும் ஜன்னாவின் காதில் விழுந்தது, ஒவ்வொன்றுக்கும் சரியான சொல் அவள் வாயில் இருந்தது. ரேத்துக்கோ தப்பைப் பற்றி வெட்கமே இல்லை. ஒரு சொல் கிடைக்காதபோது காற்றில் தட்டிக் காட்டினார். வீத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

அம்மா வருவாள் என்று காதில் சொல்வதுதான் மருந்து என்பதை மட்டும் ஜன்னா சொல்லவில்லை.

வீத்தா நன்றி சொன்னாள், ரேத்துக்கு. ஸ்லாத்தா ஜன்னாவை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு அம்மாவோடு போய்விட்டாள். ரேத் கரண்டியை எடுத்தார்.

"கிண்ணம் குடுங்க. சூப் ஆறுது."

திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

மறுநாள் காலை ரேத் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவள் பெட்டியை நேற்றே மனதில் கட்டிவிட்டிருந்தாள்.

"நார்வாவுக்குப் போன் பண்ணிட்டேன்" என்றார் ரேத். "பிள்ளைங்களுக்கு உங்களப் பிடிச்சிருக்கு, மொழி வந்துடும், வச்சுக்கலாம்னு சொன்னேன்."

ஜன்னா தலையாட்டினாள்.

"இன்னொண்ணு. தூங்கற ரூம் கதவு சரியா மூடாது. நீங்க அந்தப் பிள்ளைகிட்ட பேசறது எனக்கு மொதல்லேருந்தே கேக்கும். நல்ல காரியம்னுதான் நான் வாயத் திறக்கல." ரேத் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நேத்து நீங்க அவ அம்மாகிட்டயும் பேசுவீங்கன்னு நெனச்சேன்."

மன்னிப்புக் கேட்க எஸ்தோனியத்தில் சொல் உண்டு, ஜன்னாவுக்கு அது தெரியும். வாய் வரவில்லை. கேட்டு வந்த வார்த்தை கிடைத்துவிட்டது, அதைக் கையில் வாங்கக் கூசியது. உடம்பெல்லாம் வெட்கம் என்றாள். அந்த மரத்தரை அப்படியே பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் போதும் என்று இருந்ததாம்.

அவள் ஏதோ முணுமுணுத்துவிட்டு நேரே உடுப்பு அறைக்குப் போனாள். முள்ளெலிகள் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கூல்லிக்கி உலர்த்தும் அலமாரிக்குள் தலையை விட்டுக் கையுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள். ஸ்லாத்தா பெஞ்சில் உட்கார்ந்து ஜிப்போடு போராடினாள். ஜன்னா அவள் முன்னால் மண்டியிட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி, கூடத்தை அடக்குகிற தன் பழைய குரலில், ரஷ்ய மொழியில் சொன்னாள்:

"வா கண்ணு, அத்தை போட்டுவிடறேன். நேத்து அத்தை தப்புப் பண்ணிட்டேன். அம்மா வந்ததும் நானே அவங்ககிட்ட பேசறேன், என்ன?"

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்லாத்தா ஜிப்பை அவள் கையிலிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டாள். கோபம் இல்லை. இந்த இடத்தில் இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொண்ட பிள்ளையின் மரியாதையோடு சொன்னாள்:

"மா எய் ஸா அரு, டீச்சர்."

அலமாரிக்குள்ளிருந்து கூல்லிக்கி தலையை வெளியே எடுத்தாள். முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"அடேயப்பா! நம்ம ஸ்லாத்தா எஸ்தோனியத்துல பேசிட்டா! எவ்வளவு சுத்தமாச் சொல்றா பாருங்க. யாருகிட்ட கத்துக்கிட்டா இத?"

ஜன்னா மண்டியிட்டபடியே இருந்தாள்.

"என்கிட்ட" என்றாள்.